பூசை போய்த் திருப்பலி வந்தது! ஆர்மோனியம் போய்க் கீபோர்டு வரலாமா?

மான்குர்த்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்ற ஆறு நாட்களைவிடப் பரபரப்பு அதிகம். வாரம் முழுவதும் விடியுமுன் எழுந்து, ஹார்பர் லைன் ரயிலில் இடிபட்டு, இரவு வீடு திரும்புகிறவர்கள் அன்றைக்குத்தான் அண்டை வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கிறார்கள். தண்ணீர் பிடிக்க வேண்டும். ஒரு வாரத்துத் துணியைத் துவைக்க வேண்டும். ஊருக்குப் போன் பேச வேண்டும். இத்தனைக்கும் நடுவே தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது தமிழ்த் திருப்பலி.

சிறியவர்கள் "திருப்பலி" என்கிறார்கள். பெரியவர்கள் "பூசை" என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். ஆனால் இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே அறுபது வருஷத்துச் சர்ச்சை ஒன்று கிடக்கிறது. ரோமாபுரியில் தொடங்கி, பெங்களூர் வழியாக வந்து, இன்று மான்குர்த் பாடகர் குழுவில் ஆர்மோனியமா, கீபோர்டா என்று நிற்கிறது அந்தச் சர்ச்சை.

நெல்லைச் சீமையிலிருந்து வந்து இங்கே பேரன் பேத்தி எடுத்துவிட்ட ஆச்சிமார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"எங்க சேசுவ எங்கய்யா கொண்டுபோய் வச்சிட்டிய?"

"ஆச்சி, சேசுவும் இயேசுவும் ஒருத்தர்தான்" என்பார்கள் இளவட்டங்கள்.

"ஒருத்தர்தான்னா மாத்துவானேன்?"

இதற்குப் பதில் சொல்வது அவ்வளவு சுலபம் அல்ல.

பீடத்தில் லத்தீன், தரையில் தமிழ்

லத்தீன் பூசைக் காலத்தை விவரம் தெரிந்த வயதில் பார்த்தவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். அந்தப் பூசையில் குருவானவர் பீடத்தைப் பார்த்து நிற்பார். மக்களுக்கு அவர் முதுகுதான் தெரியும். மந்திரங்கள் முழுக்க லத்தீன். அதிலும் பாதி, பக்கத்தில் நிற்கும் பூசைப் பையனுக்கே கேட்காத முணுமுணுப்பு. மணி அடித்தால் எல்லாரும் தலை கவிழ வேண்டும். கிராதிக்கு முன்னால் மண்டியிட்டு, நாக்கை நீட்டி நன்மை வாங்க வேண்டும். நன்மை வாங்குகிறவர் நள்ளிரவிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றிருந்த விதி 1953-ல்தான் தளர்ந்தது.

அந்த ஒரு மணி நேரமும் மக்கள் என்ன செய்தார்கள்? சும்மா இருக்கவில்லை. தரையில் உட்கார்ந்து தமிழில் செபமாலை சொன்னார்கள். உபதேசியார் முன்னே சொல்ல, பின்னே எல்லாரும் சேர்ந்து நீட்டி முழக்கினார்கள். பீடத்தில் லத்தீன் நடந்தது. தரையில் தமிழ் நடந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்துகொள்ளவில்லை.

பூசைக்கு வெளியே இருந்ததெல்லாம் தமிழ்தான். தபசு காலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கும்போது பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். பாஸ்கா நாடகம் இரவு முழுக்க நடக்கும். திருவிழாவுக்குக் கொடியேற்றம், சப்பரம், தேர்ப் பவனி, வாணவேடிக்கை. கும்மியும் அம்மானையும் உண்டு. வீரமாமுனிவரே கித்தேரி அம்மாள் பேரில் அம்மானை பாடியிருக்கிறார். மயிலாடுதுறையில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எழுதினார். அவரும் கத்தோலிக்கரே.

ஆகவே "பழைய பூசை போச்சே" என்று ஆச்சிமார் சொல்லும்போது அவர்கள் தேடுவது லத்தீன் அல்ல. லத்தீனில் ஒரு வரியும் அவர்களுக்குத் தெரியாது. "தாந்தும் எர்கோ" என்று தொடங்கும் பாட்டை மட்டும் ஏதோ ஒரு ராகமாக நினைவில் வைத்திருப்பார்கள். அவர்கள் தேடுவது அந்தப் பழைய தமிழை. இந்த வித்தியாசத்தைப் படித்தவர்கள்கூடப் புரிந்துகொள்வதில்லை.

4 பேர் மட்டுமே எதிர்த்தார்கள்!

இருபத்து மூன்றாம் அருளப்பர் போப்பாண்டவராக இருந்தபோது, 1962 அக்டோபர் 11-ந் தேதி ரோமாபுரியில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. அதன் முதல் பெரிய ஆவணமே வழிபாட்டைப் பற்றியதுதான். 1963 டிசம்பர் 4-ந் தேதி நடந்த கடைசி ஓட்டெடுப்பில் ஆதரவு 2,147. எதிர்ப்பு 4. அன்று போப்பாண்டவராக இருந்த ஆறாம் பவுல் அதை வெளியிட்டார்.

லத்தீனை ஒழித்துவிடு என்று அந்த ஆவணம் சொல்லவில்லை. லத்தீன் இருக்கட்டும், மக்கள் மொழிக்கும் இடம் கொடுக்கலாம் என்றுதான் சொன்னது. கிரகோரியன் இசைக்கு முதலிடம் என்றது. குழாய் ஆர்கனை உயர்வாகப் பேசியது. கூடவே, அந்தந்த நாட்டு மக்களின் இசைக்கும் உரிய மதிப்புத் தர வேண்டும் என்றது. இரண்டு கட்சிக்காரர்களும் இன்றுவரை ஒரே ஆவணத்தைக் காட்டிச் சண்டை போட முடிகிறது என்றால் காரணம் இதுதான்.

ஆனால் கதவு திறந்த பிறகு யாரும் பாதியில் நிற்கவில்லை. 1965 மார்ச் 7-ந் தேதி போப்பாண்டவரே ரோமாபுரிக் கோவில் ஒன்றில் இத்தாலிய மொழியில் பூசை வைத்தார். 1969-ல் பூசைப் புத்தகமே புதிதாக வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 30 முதல் புதிய முறை அமலுக்கு வந்தது. குருவானவர் மக்கள் பக்கம் திரும்பினார்.

தமிழ்நாட்டில் குருவானவர் திரும்பியதோடு தமிழும் திரும்பியது. பழைய புத்தகத்தில் இருந்த சொற்கள் ஒவ்வொன்றாக மாறின. சர்வேசுரன் கடவுளானார். சேசு இயேசு ஆனார். இஸ்பிரீத்து சாந்து தூய ஆவி ஆனார். ஞானஸ்நானம் திருமுழுக்கு, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு, அர்ச்சிஷ்டவர்கள் புனிதர்கள், மேற்றிராணியார் ஆயர். அது தமிழ்நாட்டில் நல்ல தமிழ் பெருகி வந்த காலம். மேடையில் பேசிய தமிழ் மாறியது போலவே கோவிலில் பேசிய தமிழும் மாறியது.

இதை வெறும் சொல் மாற்றம் என்று தள்ள முடியாது. தாய் மடியில் கற்ற செபம் ஒருவருக்கு ஐம்பது வயதில் தவறாகிப் போனால் எப்படி இருக்கும்? மரணப் படுக்கையில் பழைய சொல்லில் செபம் சொல்லுங்கள் என்று கேட்ட பெரியவர்கள் உண்டு.

தம்பிரான் எங்கே?

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். "சர்வேசுரன்" என்பது ஆதி காலத்திலிருந்து வந்த சொல்லா? இல்லை. 1578-ல் அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட முதல் தமிழ் எழுத்துப் புத்தகத்தின் பெயர் "தம்பிரான் வணக்கம்". பதினாறே பக்கம். அதில் கடவுள் "தம்பிரான்". 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்தி, புலால் விலக்கி, "சர்வேசுரன்" என்ற சொல்லைக் கொண்டுவந்தார். அன்றைக்கு அது புதுமை. அவருடைய போக்கே சரியல்ல என்று சொந்தச் சபையிலேயே வழக்கு எழுந்து, 1623-ல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்த பிறகுதான் பிரச்சினை ஓய்ந்தது.

அதாவது ஆச்சி கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் பழமை, அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் யாரோ எதிர்த்த புதுமை! தம்பிரானை இழந்து அன்று எத்தனை ஆச்சிமார் அழுதார்களோ?

பம்பாயில் ஒரு உபநிடதம்

இந்தச் சர்ச்சையில் பம்பாய்க்கும் பங்கு உண்டு. 1964 நவம்பர் 28 முதல் டிசம்பர் 6 வரை இந்நகரில் சர்வதேச நற்கருணை மாநாடு நடந்தது. அதற்கு ஆறாம் பவுல் நேரில் வந்தார். இந்திய மண்ணில் கால் வைத்த முதல் போப்பாண்டவர் அவர்தான். டிசம்பர் 3-ந் தேதி பிற சமயத்தவர்களைச் சந்தித்தபோது, அவர் உபநிடதப் பிரார்த்தனை ஒன்றைத் தம் பேச்சில் எடுத்துச் சொன்னார். போப்பாண்டவர் வாயிலிருந்து உபநிடதமா என்று சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் திகைத்தார்கள்.

அந்தேரி ஞான ஆசிரமத்தில் இருந்த ஜார்ஜ் புரோக்ஷ் என்ற ஐரோப்பியக் குருவானவர் அதற்கு முன்பே இந்திய ராகங்களில் கிறிஸ்தவப் பாடல்களையும் நாட்டிய நாடகங்களையும் அமைத்து வந்தார். 1986-ல் அவர் காலமானார். வெளிநாட்டுக்காரர் தம்பூராவைத் தூக்க, உள்ளூர்க் கத்தோலிக்கர் பலர் பியானோவை விடமாட்டேன் என்றது பம்பாய்க்கே உரிய வேடிக்கை.

பிறகு வந்ததுதான் பெரிய புயல். அதைக் கிளப்பியவர்களில் முக்கியமான இருவர் தமிழர்கள், அதிலும் உடன்பிறந்தவர்கள். தென்னார்க்காட்டுக் கல்லேரியைச் சேர்ந்தவர்கள். அண்ணன் லூர்துசாமி பெங்களூர் பேராயர், பின்னாளில் கர்தினால். தம்பி அமலோர்பவதாஸ் 1967-ல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைத் தொடங்கியவர். 1969 ஏப்ரலில் இந்திய வழிபாட்டுக்கென்று 12 அம்சங்களுக்கு ரோமாபுரி அனுமதி தந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வருவது, தரையில் அமர்வது, கைகூப்பி வணங்குவது, மெழுகுவத்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, அங்கவஸ்திரம், பஞ்சாங்கப் பிரணாமம், ஆரத்தி முதலியவை அதில் அடங்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் பாதி சிரிப்பை வரவழைத்திருக்கும். நெல்லைக் கிராமத்துக் கோவிலில் செருப்போடு யார் போனார்கள்? பெஞ்சுக்கு எங்கே போவது? எல்லாரும் தரையில்தான் உட்கார்ந்தார்கள். பம்பாய்க்கு வந்த பிறகுதான் பலர் கோவிலுக்குள் பூட்ஸ் காலோடு நடப்பதையே பார்த்தார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் பன்னிரண்டு அம்சமாக எழுதி ரோமாபுரிக்கு அனுப்பி அனுமதி வாங்கிய சங்கதிகளில் சில, ஆச்சிமார் அனுமதி கேட்காமலே செய்துவந்தவை.

ஆனால் ஆரத்தியும் சமஸ்கிருதச் சுலோகமும் வேறு. அங்கேதான் எதிர்ப்பு வெடித்தது. திருச்சபை இந்துமயமாகிறது என்று கூக்குரல் எழுந்தது. சென்னையைச் சேர்ந்த விக்டர் குழந்தை என்ற பொதுநிலைத் தமிழர் 1985-ல் இதற்கென்றே ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். பூசையில் பிற சமய நூல்களை வாசிப்பதையும், இந்திய முறையில் எழுதிய நற்கருணை மன்றாட்டையும் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1975-ல், ரோமாபுரி நிறுத்திவிட்டது. அமலோர்பவதாஸ் 1990-ல் சாலை விபத்தில் இறந்தார். லூர்துசாமி 2014-ல் மறைந்தார். அவர்கள் கொண்டுவந்ததில் குத்துவிளக்கு நிலைத்தது. சுலோகம் பெரும்பாலும் போய்விட்டது.

பறை வந்தால் கோவில் தீட்டா?

இன்னொரு எதிர்ப்பும் எழுந்தது. அது பழைமைவாதிகளிடமிருந்து வந்தது அல்ல. "இந்திய முறை என்கிறீர்கள். யாருடைய இந்தியா?" என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். சமஸ்கிருதமும் கர்நாடக சங்கீதமும் மட்டும்தான் இந்தியாவா? கோவில் வாசலில் நிறுத்தப்பட்டவனுடைய பாட்டுக்குப் பெயர் என்ன?

இந்தக் கேள்வியில் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்துக்குக் காரணமும் இருக்கிறது. திருநெல்வேலி வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோவில், இரண்டு சாதியார் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காணும்படி இரண்டு சிறகாகக் கட்டப்பட்டது. நடுவே சுவர். பீடத்திலிருந்து மட்டும் இரண்டு பக்கமும் தெரியும். 1910-ல் கௌசானல் என்ற குருவானவர் அந்தச் சுவரை இடித்தார். வழக்கு நீதிமன்றம் வரை போனது. பழைய முறையே புனிதம் என்று பேசுகிறவர்கள், அந்தப் பழைய முறையில் இந்தச் சுவரும் ஒன்று என்பதை மறந்துவிடுகிறார்கள்.

புராட்டஸ்டன்ட் திருச்சபையில் இதற்கு ஒருவர் வழி காட்டினார். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, "பரட்டை அண்ணன்" என்று எல்லாராலும் அழைக்கப்பட்டவர், கிராமத்து மெட்டில், கிராமத்துப் பேச்சில், பறையும் சேர வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். 2005-ல் அவர் காலமானார். பிறகு கத்தோலிக்கக் கோவில்களிலும் காணிக்கைப் பவனியில் பறை ஒலிக்கத் தொடங்கியது.

மும்பைத் தமிழர்களில் இதைக் கேட்டு மார் நிமிர்ந்தவர்கள் உண்டு. ஆனால் எல்லாரும் மகிழ்ந்துவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய். "எழவு வீட்டில் எங்கள் தகப்பனை அடிக்கச் சொன்ன பறை இது. அந்த ஊரே வேண்டாம் என்றுதான் ரயிலேறி வந்தோம். இங்கேயும் அதைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் அடிப்பதா?" என்று கேட்கிறவர்களும் அதே சமூகத்துப் பெரியவர்கள்தான். அவர்கள் மகன்களோ, "அடிக்கச் சொன்னால்தான் அவமானம். நாமே எடுத்து அடித்தால் பெருமை" என்கிறார்கள். தகப்பனும் சரி, மகனும் சரி. இதில் தீர்ப்புச் சொல்ல வெளியார் யாருக்கும் உரிமை இல்லை.

ஆர்மோனியமே அந்நியம்தான்!

இனி மான்குர்த் வழக்குக்கு வருவோம். மான்குர்த், சீத்தா கேம்ப், கோவண்டி வட்டாரத்தில் மட்டும் அல்ல, தாராவியிலும் செம்பூரிலும் தமிழ்ப் பாடகர் குழு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இந்தச் சண்டை இருக்கிறது. பெரியவர் ஒருவர் ஆர்மோனியத்தை விடமாட்டார். இளைஞர்கள் கடன் வாங்கியாவது கீபோர்டு வாங்குவார்கள். கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் டிரம்ஸ் தானாக வரும். "இது கோவிலா, கல்யாண மண்டபமா?" என்பார் பெரியவர்.

பெரியவருக்குத் துணையாக ஒரு போப்பாண்டவரே இருக்கிறார். பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22-ந் தேதி கோவில் இசை பற்றி வெளியிட்ட கட்டளையில் பியானோவுக்குத் தடை. டிரம், ஜால்ரா போன்ற சத்தக் கருவிகளுக்கும் தடை. ஆனால் அதே கட்டளையில் பாடகர் குழுவில் பெண்களுக்கும் இடம் இல்லை. இன்று பெண்களை எடுத்துவிட்டால் மும்பையில் எந்தத் தமிழ்ப் பாடகர் குழு மிஞ்சும்?

ஆர்மோனியத்தின் கதை அதைவிடச் சுவையானது. 19-ம் நூற்றாண்டில் பாரிசில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவில் கைத்துருத்தி வைத்துத் தரையில் உட்கார்ந்து வாசிக்கும்படி மாற்றப்பட்ட கருவி அது. இந்தியச் சங்கீதத்தின் கமகத்துக்கு ஒத்துவராத அந்நியக் கருவி என்று அகில இந்திய வானொலி 1940-ல் அதற்குத் தடை போட்டது. 1971-ல்தான் தடை தளர்ந்தது. வானொலி நிலையம் அந்நியம் என்று தள்ளியதை நம் கோவில்கள் சுதேசி என்று வைத்துக்கொண்டன. கீபோர்டு செய்யும் குற்றம் எல்லாம் ஆர்மோனியமும் ஒரு காலத்தில் செய்ததே.

மும்பையில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே கோவில் இசை என்றால் கோவாக்காரர்களின் இசைதான் அளவுகோல். கோவாவில் கோவிலைச் சேர்ந்த பள்ளிகளில் சிறு பிள்ளைகளுக்கே வயலினும் மேற்கத்திய இசைக் குறியீடும் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே கற்றவர்கள்தான் இந்தித் திரைப்பட இசைக் குழுக்களை நிரப்பினார்கள். 1958-ல் செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி முற்றத்தில் இந்திய ராகங்களை மேற்கத்திய சிம்பொனியில் கேட்கச் செய்த அந்தோணி கொன்சால்வ்ஸ் ஒரு கோவாக்காரர். நாலு குரலில் அவர்கள் பாடும் ஆங்கிலப் பூசை முடிந்து, அதே பீடத்தில், அதே மைக்கில், ஆர்மோனியமும் டோலக்குமாகத் தமிழ்ப் பூசை தொடங்கும்போது இளைஞர்களுக்குக் கூச்சம் வருகிறது. கீபோர்டு ஆசையில் பாதி இந்தக் கூச்சம்தான். அதைப் பெரியவர்கள் திட்டித் தீர்க்க முடியாது.

ஆனால் உண்மையான குறை கருவியில் இல்லை, சுருதியில் இருக்கிறது. 1977-ல் திருச்சியில் தொடங்கிய கலைக்காவிரி தமிழ்க் கிறிஸ்தவ இசைக்குப் பெரிய தொண்டு செய்தது. ஊரிலிருந்து திரும்புகிறவர்கள் கருவாட்டோடும் முறுக்கோடும் கேசட்டையும் கொண்டுவந்த காலம் அது. கேசட்டில் பாடுகிறவர்கள் தேர்ந்த பாடகர்கள். அவர்கள் பாடும் உயரத்திலேயே இங்கும் எடுத்தால், வாரம் ஆறு நாள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய தொழிலாளி எப்படிச் சேர்ந்து பாடுவான்? குழுவில் ஐந்து பேர் பாடுகிறார்கள். கோவிலில் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். பாட்டு முழுவதையும் பாடகர் குழுவே எடுத்துக்கொண்டு மக்களை ஊமையாக்குவது தகாது என்று 1967 மார்ச் 5-ந் தேதி ரோமாபுரி வெளியிட்ட அறிவுரையே சொல்கிறது. ஆர்மோனியப் பெரியவருக்கு இந்த ஒரு கலை தெரியும்: நின்றிருக்கிறவர்கள் முகத்தைப் பார்த்து ஒரு கட்டை இறக்கி எடுப்பார். கீபோர்டிலும் அதைச் செய்ய ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கத்தான் ஆள் இல்லை.

லத்தீன் திரும்பி வருமா?

வந்தது, மறுபடி போனது. 2007-ல் போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட் பழைய லத்தீன் பூசைக்குத் தாராளமாக அனுமதி தந்தார். 2021 ஜூலையில் போப்பாண்டவர் பிரான்சிஸ் அந்த அனுமதியைச் சுருக்கினார். புதிய முறையை ஏற்க மறுத்த பேராயர் லெபெவ்ரின் பத்தாம் பத்திநாதர் சபைக்குப் பாளையங்கோட்டையில் இல்லம் உண்டு. அங்கே இன்றும் லத்தீன் பூசைதான். மான்குர்த்தில் யாருக்கும் அதில் பெரிய நாட்டம் இல்லை.

ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம் என்று சிரிக்க வேண்டாம். பக்கத்து வீட்டு மலையாளிகளைக் கேளுங்கள். குருவானவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்ற கேள்விக்கு, பாதி மக்களைப் பார்த்து, பாதி பீடத்தைப் பார்த்து என்று சீரோ மலபார் ஆயர்கள் 2021-ல் முடிவு செய்தார்கள். எர்ணாகுளத்தில் அதை ஏற்கவில்லை. கைகலப்பு வரை போய், 2022-ல் அங்கே பேராலயமே பூட்டப்பட்டது.

பாட்டி சொல்ல, பேத்தி படிக்க

மான்குர்த் வட்டாரத் தமிழர்களுக்குப் பூட்டும் இடிப்பும் புதிது அல்ல. நெருக்கடி நிலையின்போது, 1976-ல், அணுசக்தி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் சீத்தா கேம்ப் சேற்றில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். 2000-க்குப் பிறகு தண்டவாள ஓரக் குடிசைகளை எடுத்து, மான்குர்த் லல்லுபாய் காம்பவுண்ட் மாடிக் கட்டடங்களுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் சட்டி பானையோடு மாதா படமும் மூட்டையில் ஏறியது. போய் இறங்கிய இடத்தில் நாலு பேர் சேர்ந்து தமிழில் செபமாலை சொன்னார்கள். அதற்கு எந்த ஆவணமும் தேவைப்படவில்லை.

இப்போது வந்திருக்கும் ஆபத்து வேறு வகை. பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கும் மராத்திப் பள்ளிக்கும் போகிறார்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகள் குறைந்துகொண்டே வருகின்றன. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரியவில்லை. "இங்கிலீஷ் பூசைக்கே போகிறேன், அது புரிகிறது" என்று பதினைந்து வயதுப் பையன் சொன்னால், தகப்பனார் என்ன சொல்வார்? அறுபது வருஷத்துக்கு முன் லத்தீனை எடுத்துவிட்டுத் தமிழைக் கொண்டுவந்ததற்குச் சொன்ன காரணமும் அதுதானே! "புரிகிற மொழியில் செபிக்க வேண்டும்." அந்த நியாயம் இப்போது தமிழுக்கு எதிராகத் திரும்பி நிற்கிறது.

பாட்டிமாரோ கொரோனாக் காலத்தில் கோவில் பூட்டியதிலிருந்து மாதா தொலைக்காட்சியில் பூசை பார்க்கப் பழகிவிட்டார்கள். வேளாங்கண்ணியில் நடப்பதைக் கையடக்கப் போனில் பார்த்து, கட்டிலில் இருந்தபடியே பதில் சொல்கிறார்கள்.

இந்த நிலையில் பாடகர் குழுக்களில் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. தமிழ்ப் பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, போனில் அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துப் பாடுகிறார்கள். ழகரமும் ளகரமும் படாத பாடு படுகின்றன. "தமிழை இப்படிக் கொலை செய்யலாமா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அச்சேறிய முதல் தமிழ்ப் புத்தகம் எது? 1554-ல் போர்த்துக்கல் தலைநகர் லிஸ்பனில் அச்சான செபப் புத்தகம். அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. தமிழ்ச் செபங்கள் முழுவதும் ரோமன் எழுத்தில் இருந்தன! அதிலிருந்து தமிழ் எழுத்துக்கு, "தம்பிரான் வணக்கம்" வரை, வந்து சேர 24 வருஷம் ஆனது.

தமிழ்ப் பூசை முடிகிறது. அடுத்த பூசைக்கு ஆட்கள் வாசலில் காத்திருக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். ஒருவர் ஆர்மோனியத்தைப் பெட்டியில் வைத்து மூடுகிறார். ஒருவன் கீபோர்டு ஒயரைச் சுற்றுகிறான். பேத்தி போனைப் பார்த்து "இயேசு" என்று படித்த இடத்திலெல்லாம் பாட்டி "சேசு" என்றே பாடி முடித்திருக்கிறார். இருவரும் கறிக்கடைக்கு நடக்கிறார்கள். பதினொரு மணிக்குமேல் போனால் எலும்புதான் மிஞ்சும்.